எண்ணியவர்கள்

பன்னிரண்டாம் வகுப்புத் தாவரவியல் படித்தவர்களுக்குச் சோதனைக் கலப்பு என்பது ஒரு சிறிய கேள்வி. கலப்புயிரியை ஒடுங்குபண்புப் பெற்றோருடன் கலந்தால் ஒரு பண்புக்கு 1:1, இரண்டு பண்புகளுக்கு 1:1:1:1. கட்டம் போட்டு நிரப்பி, மெண்டல் என்று ஒரு பெயரை எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். தேனியிலும் கம்பம் பள்ளத்தாக்கிலும் இந்த விடையை எழுதும் மாணவிகள் பலரின் வீட்டுப் பெண்கள் நாற்று நடுகிறார்கள், தக்காளி பறிக்கிறார்கள், விடியுமுன் ஜீப் ஏறிக் கம்பம்மெட்டையும் போடிமெட்டையும் தாண்டி ஏலத்தோட்டங்களுக்குப் போகிறார்கள். செடிகளோடு இத்தனை நெருக்கமாக வாழும் இந்தப் பெண்களுக்கும் அந்த நான்கு எண்களுக்கும் தொடர்பு உண்டு என்று பாடநூல் சொல்வதில்லை.

தொடர்பு உண்டு. அந்த எண்கள் ஒரு பழைய பொய்யை உடைத்தவை. அவற்றை எண்ணி உறுதிப்படுத்தியவர்களில் பெண்கள் பலர். உடைந்த பொய்யோ இன்னும் நம் வீடுகளில் புழங்குகிறது. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்ப்பதுதான் இங்கே நோக்கம்.

அன்னஞ்சித் தக்காளி

தேனிக்குப் பக்கத்தில் அன்னஞ்சி என்றொரு ஊர். அந்த ஊரின் பெயரால் வழங்கிய நாட்டுத் தக்காளியில் சடுதிமாற்றத்தைத் தூண்டித் தேர்ந்தெடுத்ததுதான், பெரியகுளம் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தின் பி.கே.எம்.1 தக்காளி. அதன் நாற்று தமிழ்நாடெங்கும் போயிருக்கிறது. எனவே சோதனைக் கலப்பைப் பட்டாணியில் தொடங்காமல் தக்காளியில் தொடங்கலாம்.

தக்காளியில் நன்கு ஆராயப்பட்ட இரண்டு பண்புகள் உண்டு. ஒன்று தண்டின் நிறம்: ஊதா ஓங்குபண்பு, பச்சை ஒடுங்குபண்பு. மற்றது இலையின் வடிவம்: விளிம்பு வெட்டுப்பட்ட இலை ஓங்குபண்பு, உருளைக்கிழங்கு இலைபோல் விளிம்பு முழுதாக இருப்பது ஒடுங்குபண்பு. இந்த இரண்டு ஜீன்களும் வெவ்வேறு குரோமோசோம்களில் இருக்கின்றன. ஒன்று 11ஆம் குரோமோசோமில், இன்னொன்று 6ஆம் குரோமோசோமில். ஒன்றோடொன்று பிணைப்பு இல்லாத ஜீன்கள் என்பதன் பொருள் இதுதான்.

தூய ஊதாத்தண்டு வெட்டிலைச் செடியைப் பச்சைத்தண்டு உருளை இலைச் செடியோடு கலந்தால், முதல் தலைமுறை முழுவதும் ஊதாத்தண்டும் வெட்டிலையுமாக வரும். பார்வைக்கு ஒரு பெற்றோரைப் போலவே இருக்கும் இந்தக் கலப்புச் செடி உள்ளே என்ன வைத்திருக்கிறது என்று அறிவதற்கே சோதனைக் கலப்பு. அதைப் பச்சைத்தண்டு உருளை இலைச் செடியோடு மீண்டும் கலக்க வேண்டும். அந்தச் செடியிடம் ஒடுங்கு ஜீன்கள் மட்டுமே இருப்பதால், அது கொடுக்கும் கேமீட் எதையும் மறைக்காது. பிள்ளைச் செடியின் தண்டிலும் இலையிலும் தெரிவது, கலப்புச் செடி கொடுத்ததின் நேரடிக் கணக்கு.

கலப்புச் செடி நான்கு வகைக் கேமீட்களைச் சம அளவில் உருவாக்கும். தண்டுக்கான ஜீன் எந்தப் பக்கம் போகிறது என்பது இலைக்கான ஜீன் போகும் பக்கத்தைக் கட்டுப்படுத்தாது. ஊதா வருவதற்குப் பாதி வாய்ப்பு, வெட்டிலை வருவதற்குப் பாதி வாய்ப்பு, இரண்டும் சேர்ந்து வருவதற்குப் பாதியில் பாதி, அதாவது கால் பங்கு. நான்கு வகைக்கும் இதே கால் பங்குதான். 98 குழி கொண்ட நாற்றுத்தட்டு நான்கை விதைத்து 392 நாற்றும் முளைத்தால், வகைக்கு 98 என்று முன்கூட்டியே சொல்லலாம். காய் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நாற்றுப் பருவத்திலேயே தண்டையும் இலையையும் பார்த்து எண்ணிவிடலாம்.

எண்ணும்போது சரியாக 98 வராது. ஒன்றில் 91 இருக்கும், இன்னொன்றில் 104 இருக்கும். அந்த அளவு விலகல் தற்செயல். ஊதாத்தண்டு வெட்டிலையும் பச்சைத்தண்டு உருளை இலையும் 150, 150 என்று வந்து, மற்ற இரண்டும் ஐம்பதைக்கூடத் தொடாவிட்டால், ஜீன்கள் பிணைந்திருக்கின்றன என்று சந்தேகிக்க வேண்டும். முன்கணிப்பு செல்லுமா என்று தீர்ப்பது எண்ணிக்கைதான்.

விதையும் நிலமும்

கிரிகோர் மெண்டல் 1866இல் வெளியிட்ட கட்டுரையில் இந்தக் கலப்பு பட்டாணியில் இருக்கிறது. உருண்டை மஞ்சள் விதைக் கலப்பினத்தைச் சுருங்கிய பச்சை விதைச் செடியோடு கலந்து அவர் பெற்ற எண்ணிக்கை 55, 51, 49, 53. மொத்தம் 208 விதைகள். வகைக்கு 52 எதிர்பார்த்த இடத்தில் இது மிக நெருக்கமான விடை.

பாடநூல் இந்த நான்கு எண்களைக் கூட்டித் தருவதால் ஒரு செய்தி மறைந்துவிடுகிறது. மெண்டல் இந்தக் கலப்பை இரண்டு முறை, இரண்டு திசையில் செய்தார். ஒரு முறை கலப்புச் செடி தாய்: அதன் பூவில் மற்றச் செடியின் மகரந்தம் தூவப்பட்டது. அப்போது வந்தவை 31, 26, 27, 26. இன்னொரு முறை கலப்புச் செடி தந்தை: அதன் மகரந்தம் மற்றச் செடியின் பூவுக்குப் போனது. அப்போது வந்தவை 24, 25, 22, 27. இரண்டு திசையிலும் விகிதம் ஒன்றே. சூல் கொண்டுவரும் ஜீன்களும் மகரந்தம் கொண்டுவரும் ஜீன்களும் சம எடை உள்ளவை. எந்தப் பக்கம் தாய், எந்தப் பக்கம் தந்தை என்பது இந்த எண்களை மாற்றவில்லை.

இதன் முக்கியத்துவம் புரிய, நம் மண்ணில் பிள்ளைப்பேற்றைப் பற்றி எப்படிப் பேசிவந்தார்கள் என்று பார்க்க வேண்டும். மானுடவியலாளர் லீலா துபே 1986இல் எழுதிய ‘விதையும் நிலமும்’ பற்றிய ஆங்கிலக் கட்டுரை இதைத் தெளிவாக விளக்கியது. ஆண் விதை தருகிறான், பெண் நிலம். விதைதான் பயிர் இன்னதென்று தீர்மானிக்கிறது. நிலம் சாறு ஊட்டி வளர்க்கிறது. மனு தர்ம நூலின் ஒன்பதாம் அத்தியாயம் விளைச்சல் யாருக்குச் சொந்தம் என்று விவாதிப்பது இந்த உவமையை வைத்துத்தான். விளைச்சல் விதைத்தவனுக்கோ நிலத்தின் உடைமையாளனுக்கோ போகலாம். நிலத்துக்கு மட்டும் எதுவும் சொந்தமாகாது. பிள்ளை தகப்பன் வழி, குலம் தகப்பன் வழி, சொத்து தகப்பன் வழி என்ற ஏற்பாட்டை இயற்கையின் பெயரால் நியாயப்படுத்த இந்த உவமை போதுமானதாக இருந்தது என்பது துபேயின் வாதம்.

உவமையின் தாவரவியலே தவறு. நாம் விதை என்று கையில் எடுப்பது தாயும் தந்தையும் சேர்ந்து முடிந்த பிள்ளை. தந்தையின் பங்கு மகரந்தம், தாயின் பங்கு சூல். விதையை ஆணின் பங்காகக் கருதியவர்கள் உருவான கருவையே ஆணுக்கு எழுதிவைத்துவிட்டார்கள். மெண்டலின் இருதிசைக் கலப்பு அந்தப் பத்திரத்தைச் செல்லாததாக்கியது. ஆனால் பத்திரம் தாலுகா அலுவலகத்தில் தொடர்ந்தது. தமிழ்நாட்டில் 1989இல்தான் பூர்வீகச் சொத்தில் மகளுக்கு மகனோடு சமமான பிறப்புரிமை கொடுக்கும் திருத்தம் வந்தது. நாடு முழுமைக்கும் அது 2005இல் வந்தது. முல்லைப் பெரியாறு பாயும் வயல்களில் நாற்று நடும் பெண்களில் எத்தனை பேர் பெயரில் பட்டா இருக்கிறது என்று கேட்டால், சட்டம் வந்த பிறகும் உவமை எவ்வளவு உயிரோடு இருக்கிறது என்று தெரியும்.

நியூன்ஹாம் பெண்கள்

மெண்டலின் கட்டுரை 34 ஆண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்தது. 1900இல் அது மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தபோது, பட்டாணிக்கு உண்மையானது மற்ற உயிர்களுக்கும் உண்மையா என்ற கேள்வி எழுந்தது. அதற்கு ஒரே வழி, செடி செடியாகக் கலந்து, விதைத்து, எண்ணுவது. கேம்பிரிட்ஜில் அந்த வேலையின் பெரும்பகுதியைச் செய்தவர்கள் நியூன்ஹாம் மகளிர் கல்லூரியைச் சேர்ந்தவர்கள்.

அவர்களில் முதன்மையானவர் எடித் ரெபெக்கா சாண்டர்ஸ். 1865இல் பிறந்தவர். மெண்டலின் பெயரை அறியும் முன்பே, இலையில் ரோமம் உள்ள செடியையும் இல்லாத செடியையும் கலந்து ஆராய்ந்துகொண்டிருந்தவர். 1884இல் திறக்கப்பட்ட பால்ஃபர் ஆய்வகத்தை அவர் 1899 முதல் 1914 வரை நடத்தினார். பல்கலைக்கழக ஆய்வகங்களில் பெண்களுக்கு இடமில்லாததால் பெண்களுக்கென்றே தனியாக வந்த ஆய்வகம் அது. 1902இல் வில்லியம் பேட்சனும் சாண்டர்ஸும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கைதான் ஒத்த கருவுயிரி, வேறுபட்ட கருவுயிரி என்று இன்று மாணவிகள் மனப்பாடம் செய்யும் சொற்களின் ஆங்கில மூலங்களை மரபியலுக்குக் கொடுத்தது. பின்னாளில் ஜே.பி.எஸ். ஹால்டேன் சாண்டர்ஸை பிரிட்டிஷ் தாவர மரபியலின் தாய் என்று குறிப்பிட்டார்.

அவரைச் சுற்றி ஒரு கூட்டமே இருந்தது. மியூரியல் வெல்டேல் ஸ்நாப்டிராகன் பூவின் நிறங்களைக் கலந்து எண்ணி, பிறகு அந்த நிறமிகளின் வேதியியலுக்குள் போனார். டோரதியா மேரியட் நம் கொல்லைப்புறத்து அந்திமந்தாரையை ஆராய்ந்தார். ஃப்ளோரன்ஸ் டர்ஹாம் எலிகளின் ரோம நிறத்தை எண்ணினார். இந்தக் குழுவைப் பற்றி 2001இல் விரிவாக எழுதிய வரலாற்றாய்வாளர் மார்ஷா ரிச்மண்ட் ஒரு காரணத்தைச் சுட்டுகிறார். அன்று மெண்டலியம் கேம்பிரிட்ஜில் மதிப்பில்லாத துறை. எதிர்காலத்தை எண்ணிய ஆண் மாணவர்கள் அதில் சேரத் தயங்கினார்கள். வேறு கதவு திறக்காத பெண்கள் அங்கே வந்தார்கள். பத்தாண்டுகளில் துறைக்கு மதிப்பும் பேராசிரியர் பதவியும் வந்தபோது, பதவியில் அமர்ந்தவர்கள் ஆண்கள். அந்தப் பெண்களுக்குக் கேம்பிரிட்ஜ் முழுமையான பட்டம் கொடுக்க முன்வந்தது 1948இல். சாண்டர்ஸ் 1945இல் இறந்துவிட்டார்.

தமிழில் எண்ணுதல் என்றால் கணக்கிடுதல். எண்ணுதல் என்றால் நினைத்தல். இந்தப் பெண்களைப் பற்றிய குறிப்புகள் முதல் பொருளோடு நின்றுவிடும். பொறுமைசாலிகள், கவனமானவர்கள், உதவியாளர்கள். எதை எதோடு கலப்பது, எத்தனை வகையாகப் பிரிப்பது, எந்த விலகலைத் தற்செயல் என்று விடுவது, எதை விடக்கூடாது என்பதெல்லாம் இரண்டாம் பொருளில் வருபவை. ஒன்றைச் செய்யாமல் மற்றதைச் செய்ய முடியாது.

விடக்கூடாத விலகல் ஒன்று விரைவில் வந்தது. பேட்சன், சாண்டர்ஸ், புன்னட் மூவரின் பெயரில் வந்த ஸ்வீட் பீ ஆய்வில், ஊதாப் பூ நீள மகரந்தம் ஒரு பக்கம், சிவப்புப் பூ உருண்டை மகரந்தம் மறுபக்கம். இரண்டாம் தலைமுறையில் 9:3:3:1 வர வேண்டும். 6,952 செடிகளில் அவர்கள் பெற்றது 4831, 390, 393, 1338. விதிப்படி கடைசி எண் 435க்கு அருகில் இருந்திருக்க வேண்டும். மும்மடங்கு வந்திருந்தது. பெற்றோரின் சேர்க்கைகள் பிரிய மறுத்தன. மகரந்தத்தின் வடிவத்தை உருப்பெருக்கியில்தான் பார்க்க முடியும் என்பதையும் சேர்த்து நினைத்தால், இந்த எண்ணிக்கையின் உழைப்பு விளங்கும். ஜீன்களின் பிணைப்பு என்ற கருத்துக்கு வழிவிட்டவை இந்தப் பொருந்தாத எண்கள். பிணைப்பு தெரிந்த பிறகே 1:1:1:1 எங்கே செல்லும், எங்கே செல்லாது என்ற எல்லை தெரிந்தது. பல பாடநூல்கள் அந்த மூன்று பெயர்களில் முதலையும் கடைசியையும் எழுதி நடுவில் உள்ளதை விட்டுவிடுகின்றன.

கோயம்புத்தூரில் ஒருவர்

எல்லையின் இன்னொரு பக்கத்தை ஆராய்ந்தவர் நம் பக்கத்துப் பெண். தலச்சேரியில் 1897இல் பிறந்த ஈ.கே. ஜானகி அம்மாள் சென்னை ராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்து, மகளிர் கிறித்துவக் கல்லூரியில் கற்பித்து, மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931இல் முனைவர் ஆனவர். 1934 முதல் 1939 வரை கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் பணியாற்றினார்.

கரும்பில் பள்ளிக்கூட விகிதம் எளிதில் வராது. தக்காளியில் ஒவ்வொரு குரோமோசோமும் இரண்டு படி. ஆலைக் கரும்பில் மொத்தம் நூற்றுக்கும் மேற்பட்ட குரோமோசோம்கள், பல படி. படிகள் கூடும்போது கணக்கு மாறும். நான்கு படி உள்ள செடியில் இரண்டு ஓங்கு ஜீனும் இரண்டு ஒடுங்கு ஜீனும் இருந்தால், சோதனைக் கலப்பில் 1:1க்குப் பதில் 5:1 வரும். எனவே கரும்பில் முன்கணிப்பு வேண்டுமானால், முதலில் குரோமோசோம்களை எண்ண வேண்டும். ஜானகி அம்மாள் அதைச் செய்தார். காட்டுக் கரும்பின் பல வகைகளுக்கும் எண்ணிக்கை கண்டார். கரும்பையும் மக்காச்சோளத்தையும் கலந்து 1938இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். பிறகு பிரிட்டனுக்குப் போய், சி.டி. டார்லிங்டனோடு சேர்ந்து 1945இல் பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் அட்டவணை நூலை வெளியிட்டார். உலகத்துப் பயிர்களின் எண்ணிக்கைப் பதிவேடு அது. பெரியகுளத்துக்கு மேலே கொடைக்கானல் மலையில் ரோஜா வளர்க்கும் கிரிஜா, வீரு வீரராகவன் தம்பதியர் தாங்கள் உருவாக்கிய மஞ்சள் ரோஜா ஒன்றுக்கு 2019இல் அவர் பெயரை வைத்தார்கள்.

பெயர் வைக்கப்படாத கைகள் இன்னும் அதிகம். 1970இல் எச்-4 என்ற கலப்பினப் பருத்தி வந்தது முதல், இந்தியாவில் கலப்பினப் பருத்தி விதை பெரும்பாலும் கையால் உண்டாக்கப்படுகிறது. மறுநாள் விரியவிருக்கும் மொட்டை மாலையில் பிரித்து மகரந்தத்தாள்களை நீக்க வேண்டும். மறுநாள் காலை வேறு செடியின் மகரந்தத்தைச் சூல்முடியில் தடவ வேண்டும். மெண்டலும் சாண்டர்ஸும் செய்த அதே செயல். ஆந்திரம், குஜராத், கர்நாடகம், தமிழ்நாடு ஆகிய மாநிலங்களின் விதை வயல்களில் இதைச் செய்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களில் பள்ளிக்குப் போயிருக்க வேண்டிய சிறுமிகள் ஏராளம். விரல் சிறிது, பூ சேதமாகாது என்று காரணம் சொல்லப்பட்டது. கூலியும் சிறிது என்பது சொல்லப்படாத காரணம். தேனிச் சந்தையில் விற்கும் கலப்பினப் பருத்தி விதைப் பொட்டலத்தில் நிறுவனத்தின் பெயர் இருக்கும், ரகத்தின் பெயர் இருக்கும்.

வீட்டுக்குள் நடக்கும் சோதனைக் கலப்பு

சோதனைக் கலப்பின் விகிதம் செடிகளோடு முடிந்துவிடுவதில்லை. 1905இல் அமெரிக்காவின் பிரின் மார் மகளிர் கல்லூரியில் நெட்டி ஸ்டீவன்ஸ் மாவுப்புழு வண்டின் குரோமோசோம்களை எண்ணினார். பெண் வண்டின் செல்லில் 20 பெரிய குரோமோசோம்கள். ஆணிடம் 19 பெரியவை, ஒன்று மிகச் சிறியது. ஆண் வண்டின் விந்தணுக்கள் இரண்டு வகை, பாதிக்குப் பாதி. பெண்ணின் முட்டைகள் ஒரே வகை. பால் எது என்பதை விந்தணு தீர்மானிக்கிறது என்று அவர் முடிவு கண்டார். மனிதரிலும் அப்படியே: தாய் XX, தந்தை XY.

இதை நாற்றுத்தட்டோடு ஒப்பிட்டால், ஒவ்வொரு பிரசவமும் ஒரு சோதனைக் கலப்பு. ஒரே வகைக் கேமீட் தருபவள் தாய். இரண்டு வகை தருபவன் தந்தை. பிள்ளையில் தெரியும் வேறுபாடு தந்தையிடமிருந்து வந்தது. விகிதம் 1:1. மனிதரில் பிறப்பின்போது ஆண் குழந்தைகள் சற்றே கூடுதல், 100 பெண்ணுக்கு 105 ஆண் அளவில்.

இந்தக் கணக்கு தெரிந்து ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. அதற்குப் பிறகும் பெண் பெற்றவள் குற்றவாளியாக நின்றாள். 1986இல் உசிலம்பட்டிப் பெண் சிசுக்கொலைகள் பற்றிய செய்தி நாடெங்கும் பேசப்பட்டது. 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் தேனிக்கும் விரிவாக்கப்பட வேண்டிய நிலை இருந்தது. கருவின் பாலைக் கண்டறிவதைத் தடுக்க 1994இல் சட்டம் தேவைப்பட்டது. வரதட்சணையும் சொத்துமே இவற்றின் வேர். ஆனால் “பொம்பளப் புள்ளையாவே பெத்துப்போடுறா” என்ற வசவு நிற்பது அந்தப் பழைய உவமையின் மேல்தான். அதிலும் ஓர் ஏமாற்று உண்டு. நல்லது விளைந்தால் விதையின் பெருமை, வேண்டாதது விளைந்தால் நிலத்தின் குற்றம்.

விகிதம் இன்னொன்றையும் சொல்கிறது. அது கூட்டத்தைப் பற்றித்தான் முன்கணிக்கும். ஒரு விதையைப் பற்றிச் சொல்லாது. 392 நாற்றில் வகைக்கு 98 என்று சொல்லலாம். ஒரு குழியில் எது முளைக்கும் என்று சொல்ல முடியாது. பக்கத்துக் குழியில் என்ன முளைத்தது என்பது இந்தக் குழிக்குத் தெரியாது. மூன்று பெண் பிறந்துவிட்டது, நாலாவது கட்டாயம் ஆண் என்ற நம்பிக்கையில் எத்தனை பெண்களின் உடம்பு நாலாம், ஐந்தாம் பிரசவத்துக்குத் தள்ளப்பட்டிருக்கிறது! நாலாவதுக்கும் வாய்ப்பு அதே பாதிதான். பாதியில் பாதியில் பாதி, எட்டில் ஒன்று. மூன்று பிள்ளை உள்ள வீடுகளில் ஏறக்குறைய எட்டுக்கு ஒரு வீட்டில் மூன்றும் பெண்ணாக இருக்கும். மூன்றும் ஆணாக இருக்கும் வீடுகளும் ஏறக்குறைய அதே அளவுதான். அந்த வீட்டுப் பெண்ணிடம் யாரும் காரணம் கேட்பதில்லை.

கட்டம் போடத் தெரிந்த ஒரு மாணவிக்கு இந்தக் கணக்கு இரண்டு நிமிட வேலை. அவள் வீட்டில் அல்லது தெருவில் மூன்றாவதும் பெண் என்று முகம் வாடிக் கிடக்கும் அத்தையோ அக்காவோ இருக்கக்கூடும். “எட்டு வீட்டுக்கு ஒரு வீட்டுல இப்பிடித்தான் வரும் அத்தை, இதுல உங்க கையில எதுவும் இல்ல, மாமாகிட்ட இருந்து வர்றதுதான் ரெண்டு வகை” என்று அவள் சொல்ல வேண்டும். மாமாவும் மாமியாரும் பக்கத்தில் இருக்கும்போது சொல்ல வேண்டும்.